கேள்வி மட்டும் கேட்கிறவள்

ஜூன் 3, செவ்வாய்

புதுக்கோட்டையிலிருந்து போன் வந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தேன். என் மகள் சுருதிக்கு நல்ல இடம். பையன் கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே இருக்கிறான், தங்கமானவன். பெண்ணின் அப்பா குடிகாரர் என்பது மட்டும் அவர்கள் வீட்டுக்குத் தெரியாது.

போன தையில் என் அண்ணன் தனபால் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இவர் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி சரிந்து, மரத்தோடு பந்தியில் விழுந்தார். அப்படி ஒன்று நிச்சயதார்த்தத்தில் நடந்தால், வந்தவர்கள் கொண்டுவந்த தட்டோடு திரும்பிவிடுவார்கள். ஆவணிக்குள் இவரை நிமிர்த்தியாக வேண்டும். இத்தனை வருஷம் நிமிராதவர் மூன்று மாதத்தில் நிமிர்வாரா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை இன்னும் முடியவில்லை. நான் நடத்தும் தாவரவியலுக்கு இந்த வருஷமும் பிள்ளைகள் குறைவு.

ஜூன் 5, வியாழன்

செய்யாதது என்ன இருக்கிறது? கோயிலில் கயிறு கட்டியாயிற்று. மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று. 'அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்' என்று விளம்பரம் வந்த பொடியை வரவழைத்து ரசத்தில் கலந்தும் பார்த்தேன். ரசத்தில் இரும்பு வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆன்லைனில் கவுன்சிலிங் பேசுகிற ஆள் யாராவது கிடைத்தால் நாலு சுவருக்குள் முடிந்துவிடும் என்று சுருதி சொல்கிறாள். இவரும், "சரி, பேசித் தொலைக்கிறேன்" என்றார். நிச்சயத்தை நினைத்து அவருக்கும் பயம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஆள் தேறவில்லை. சென்னையில் இருக்கிற ஒரு பையன். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறான். இவர் "என்ன தம்பி?" "என்ன தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் முடிந்துவிட்டது.

ஜூன் 14, சனி

இரண்டாமவர் பெரியவர், நெற்றி நிறைய விபூதி. ஓய்வுபெற்ற பேராசிரியராம். எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லீரல் எப்படிக் கெடுகிறது, குடும்பம் எப்படிக் கெடுகிறது, திருவள்ளுவர் என்ன சொன்னார் என்று ஒரே மூச்சில் எடுத்து வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். நடுவில் நானும் இரண்டு சம்பவங்களைச் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொண்டு இன்னும் நன்றாகக் கண்டித்தார்.

முடிந்ததும் இவர், "வாத்தியாருக்குத் தண்ணி கொடு, தொண்டை வறண்டிருக்கும்" என்று எழுந்து வெளியே போனார். எப்படித் திரும்பி வந்தார் என்று எழுத வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மல்லாக்கப் படுக்கவிடக் கூடாது, புரையேறும். இந்தப் படிப்பெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூன் 16, திங்கள்

சுருதி போனில் ஒரு மணிநேரம் விளக்கினாள். இதில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று ஒரு முறை இருக்கிறதாம். அவர்கள் புத்தி சொல்ல மாட்டார்களாம், பயமுறுத்த மாட்டார்களாம். கேள்வி கேட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, விடுவதற்கான காரணம் குடிக்கிறவர் வாயிலிருந்தே வரும்படி செய்வார்களாம். "அப்பாகிட்ட நாம சொல்லாதது எதும்மா பாக்கி? அவர் சொல்லி நாம ஒரு தடவையாவது கேட்டிருக்கமா?" என்றாள்.

பாடமே நடத்தாமல் பரீட்சை வைக்கிற வாத்தியார் போலிருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த முறை தெரியும் என்று விளம்பரத்தில் எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள், பேசிப் பார்த்தால்தான் யார் நிஜம் என்று தெரியும் என்றும் சொன்னாள். "எனக்கு விடறதுல இஷ்டம் இல்லைன்னு அவர் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர், "நீங்க கவலையே படாதீங்க, வழிக்குக் கொண்டுவந்துருவோம்" என்றார். இன்னொருவர் அப்படிப்பட்டவர்களைத் தான் எடுப்பதில்லை என்றார்.

மூன்றாவது ஒரு பெண், மதுரையில் இருக்கிறாள். ஷமீமா என்று பெயர். முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இஷ்டம் இல்லைன்னா பரவாயில்லைன்னு சொல்லுவேன். அப்புறம், இஷ்டம் இல்லாமலும் பேச வந்திருக்கீங்களே, எது கூட்டிட்டு வந்துச்சுன்னு கேப்பேன்" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்வது? சுருதி இவள்தான் வேண்டும் என்கிறாள். எனக்கு அந்த விபூதிக்காரரே தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பேச்சு. வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்றைக்கு ஆரம்பித்தது என்று அந்தப் பெண் இவரைக் கேட்டாள். இவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? நான் சொன்னேன். இவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். திருவெறும்பூர் சுற்று வட்டாரத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ரத்தினவேல் மைக்செட்தான். கூலியோடு குவார்ட்டரும் கொடுத்துப் பழக்கினார்கள். தொழில் போனது, குடி தங்கிவிட்டது. இப்போது என் அண்ணனின் டைல்ஸ் கடையில் சரக்கு எண்ணிக் கொடுக்கிற வேலை. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

ஷமீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அம்மா ரொம்ப சுமந்திருக்கீங்க" என்றாள். அடுத்ததாக, "இனிமே சார்கிட்ட மட்டும் பேசட்டுமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் போனால் கூடப் போகிறவர்தானே சொல்ல வேண்டும்? எழுந்து வந்துவிட்டேன். துணி ஊற வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

அவர் பொய் சொல்லக்கூடிய இடங்களையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லி ஷமீமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். டியூஷன் மாஸ்டருக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவைப்பதில்லையா, அதுபோலத்தான். கொஞ்சம் அழுத்திக் கண்டிக்கவும் சொன்னேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. சார் பேசுவது சாரோடு இருக்கும், அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாதாம். எனக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் வேறு ஒருவரை ஏற்பாடு செய்கிறாளாம்.

எனக்கா? எனக்கு என்ன கேடு?

தேடித் தேடிக் கண்டுபிடித்தது நான். வீட்டு வாசலைத் திறந்துவிட்டவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறாள்.

ஜூலை 2, புதன்

திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இவரே போய் ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஃபைல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இவருக்குக் காதில் ஹெட்போன் மாட்டினால் பிடிக்காது. காதைக் கெடுக்கும் என்பார், மைக்செட்காரர் அல்லவா. கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஸ்பீக்கரில்தான் பேசுகிறார். எனக்கு அடுக்களை ஜன்னலோரம் கீரை ஆய்கிற வேலை இருந்தது. அவர் பேசுவது காதில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"எதுக்காக விடணும்னு தோணுது சார்?" என்று கேட்டாள். நான் ஆய்வதை நிறுத்திவிட்டேன்.

கை நடுங்காமல் ஆம்ப்ளிஃபயருக்குச் சால்டரிங் வைக்க வேண்டும் என்றார். "கை உங்க பேச்சைக் கேக்கணும்" என்று அவள் அதையே திருப்பிச் சொன்னாள். "அப்புறம்?" என்றாள். மைக்கில் சத்தம் கிழியப் போவது முன்பெல்லாம் முன்கூட்டியே காதுக்குத் தெரியும், இப்போது தெரிவதில்லை, அது வேண்டும் என்றார். அப்புறம்? சுருதி கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு அவரே மைக் வைக்க வேண்டுமாம். அப்புறம்? பல் விளக்கும்போது குமட்டக் கூடாது. அப்புறம்? கூட்டாளி அந்தோணி வீட்டு நாய் முன்பெல்லாம் இவரைப் பார்த்தால் ஓடி வருமாம், இப்போது வாடை பட்டதும் எழுந்து போய்விடுகிறதாம். அது வர வேண்டுமாம்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க மேடம்."

நாய் இருக்கிறது. அந்தோணி வீட்டு நாய். நான் இல்லை.

வாந்தி அள்ளியது யார்? சாக்கடையோரத்திலிருந்து தூக்கிவந்தது யார்? ஹெட்மிஸ்ட்ரஸ் காலில் விழாத குறையாக லீவு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தது யார்? என் தலைமுடி எதனால் வெளுத்தது? ஒரு வார்த்தை. 'என் மனைவிக்காக' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா? அந்தப் பெண்ணாவது, "வீட்டம்மாவுக்காக இல்லையா சார்?" என்று எடுத்துக் கொடுக்க வேண்டாமா? கொடுக்க மாட்டாள். அவள் முறை அப்படி.

ஜூலை 7, திங்கள்

கீரை கசந்தது என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

குடிக்காத நாளில் வீடு எப்படி இருக்கும் என்று இன்று கேட்டாள். இவர், "குடிக்காத அன்னிக்கு இந்த வீட்ல எனக்கு வேலையே இருக்காதுங்க. எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

முடிந்திருக்கும்தான். முடித்தது யாராம்? உட்கார்ந்த இடத்தில் சோறு வந்ததுகூட இப்போது குற்றமாகிவிட்டது.

ஜூலை 19, சனி

விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஜூலை பிறந்து ஓரிரு நாளில் தொட்டதுதான் கடைசி. முகத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைக்கிறார். டிகாக்ஷன் தண்ணீராக இருக்கிறது. குடிக்க முடியவில்லை, குடிக்கிறேன்.

கேஸ் சிலிண்டர் அவரே பதிவு செய்கிறார். தன் சம்பள ஏ.டி.எம். கார்டைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி கேட்டு வாங்கிக்கொண்டார். நல்லதுதான்.

பள்ளிக்கூடத்தில் முன்பெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும், "வீட்ல எப்படி இருக்கு பூங்கோதை டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். நான் ஏதாவது சொல்வேன், கையைப் பிடித்துக்கொள்வார்கள், எப்படித்தான் தாங்குகிறீர்களோ என்பார்கள். இப்போது, "சார் நல்லாயிட்டாராமே" என்று சொல்லிவிட்டுத் திருத்துகிற பேப்பருக்குத் திரும்பிவிடுகிறார்கள். கணக்கு டீச்சரின் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம் செய்தேன். காவிரிக்கரைக்கு என்னோடு வருவார் என்று நினைத்தேன். அந்தோணி ஒரு கோயிலுக்கு மைக்செட் போட்டிருக்கிறாராம், கைவேலைக்கு ஆள் இல்லையாம், விடியும்போதே போய்விட்டார்.

மத்தியானம் அந்தோணியின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் பிரித்துப் போட்டார். வீடெல்லாம் ஈயம் உருகும் வாடை. குனிந்து வேலை செய்தபடியே, "என் ஆம்ப்ளிஃபயர், ஹாரன் எல்லாத்தையும் யாருக்கு வித்த கோதை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விற்றேன். பின்னே? அதுதானே அவரைக் குடிக்கிற இடத்துக்கெல்லாம் இழுத்துப் போனது? வீட்டில் ஒருவராவது யோசிக்க வேண்டாமா? யாருக்கு என்று ஞாபகமில்லை என்று சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். புதுக்கோட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் நிச்சயதார்த்தம் பேச வந்தார்கள். இரண்டு இரவு தூங்காமல் பயந்திருந்தேன். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கே போய் அழைத்துவந்தார். மாப்பிள்ளையின் அப்பாவோடு பழைய திருவிழாக் கதையெல்லாம் பேசினார். கிணற்றுக்குள் ஸ்பீக்கர் இறக்கிச் சத்தம் சோதித்த கதைக்கு அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கல்யாணத்துக்கு மைக்செட் தன் பொறுப்பு என்றார் இவர். சுருதி அப்பா தோளில் சாய்ந்துகொண்டாள்.

போகும்போது சம்பந்தியம்மா என்னிடம், "உங்களுக்கென்ன, கொடுத்து வெச்சவங்க. வீட்டுக்காரர் எவ்வளவு கலகலப்பா இருக்கார்" என்றார்.

கொடுத்து வைத்தவள். சிரித்தேன். நான் செய்த கேசரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் பேச்சு வேண்டாம் என்று ஷமீமாவுக்கு மெசேஜ் போட்டேன். எப்போது நிறுத்துவது என்பதைச் சாரே சொல்லட்டும் என்று பதில் போட்டிருக்கிறாள். ஆளைத் தேடிப் பிடித்தது நான், நிறுத்த மட்டும் எனக்கு உரிமை இல்லை. நம்பி உள்ளே விட்டேன். புருஷன், மகள் இரண்டு பேரையும் என்னிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமலே செய்துவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பூவுக்குச் சொல்லியாயிற்று. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி எடுத்து வைத்தேன்.

சம்பந்தி வீட்டு ஆண்களுக்கு மாடி அறையில் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று தனபால் அண்ணன் சொன்னார். பெண் வீடு அதைச் செய்யாவிட்டால் மரியாதைக் குறைவு என்று பேச்சு வரும். எல்லா வீட்டு விசேஷத்திலும் நடப்பதுதான். கீழே கேசரி, மேலே பாட்டில். பாட்டில், சோடா, ஐஸ், வறுவல் எல்லாம் அண்ணன் பொறுப்பு.

சாயங்காலம் இவர் அடுக்களைக்கு வந்து ஏதோ சொன்னார். கை வேலையாக இருந்தேன். சரி என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. பட்டுப்பாவாடைக் காலத்திலிருந்து நான் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் பட்டுப்புடவையில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. தட்டு மாற்றும்போது இவர் கை நடுங்கவே இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் பின்னால் தாம்பூலப் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பந்தி நடக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா மாடியிலிருந்து இறங்கிவந்து ஐஸ் தீர்ந்துவிட்டது, கவனிக்க ஆள் இல்லை என்றார். அண்ணன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கவனிக்காமல் விட முடியுமா? இவர்தான் சும்மா நின்றார். "என்னங்க, மேல போய் அவங்களைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்றேன். என்னைப் பார்த்தார். நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு அப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வது? "போங்க, காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறினார்.

தட்டு மாற்றி முடிந்த பிறகுதான் சொன்னேன். அதற்கு முன்னால் சொல்லவில்லை.

மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்துக்கு அண்ணனும் நானும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். சித்தப்பாவும் அதே கோலத்தில் இருந்ததால் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டா சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க? எப்படித்தான் சமாளிச்சீங்களோ" என்றார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். காபி நானே போட்டேன். லீவு சொல்லிவிட்டு, அவருக்கு மோரில் உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நான் கொடுத்ததைக் குடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை. குடித்த மறுநாள் எப்போதும் அப்படித்தான், சரியாகிவிடும். கணக்கு டீச்சர் போன் செய்து ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னார்.

சுருதி கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது, "அப்பாவை மாடிக்கு யாரும்மா அனுப்பினது?" என்று கேட்டாள். ஐஸ் கேட்டார்கள், போனார் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "யார் அனுப்பினதுன்னு கேட்டேன்" என்றாள். ஆட்டோ வந்துவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

பள்ளியிலிருந்து வந்தபோது அவர் பையில் துணிகளை அடுக்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நாள் அந்தோணியின் குடோனில் இருக்கிறேன் என்றார். குடிப்பதற்கு வசதியாக இருக்கும் என்றேன். வாயில் வந்துவிட்டது.

"நேத்தும் தொடல, இன்னிக்கும் தொடல" என்றார். "ஒரு நாள் தவறினா எல்லாம் போச்சுன்னு இல்லன்னு ஷமீமா மேடம் சொன்னாங்க."

அவள் பெயரைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே பெரிதாகப் போய்விட்டாளா, கூட இருந்து செத்தவள் ஒன்றுமில்லையா, இத்தனை வருஷம் உங்களுக்காக உழைத்ததற்கு இதுதான் மரியாதையா, நம்பிக்கைத் துரோகம் என்றால் இதுதான் என்று நிறையப் பேசினேன். எல்லாம் முடிகிறவரை நின்று கேட்டார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"விசேஷத்தன்னிக்கு எந்த இடத்துல சறுக்கும்னு மேடம் கேட்டாங்க. மாடி ரூம்னு சொன்னேன். அதை ஒருத்தர்கிட்டயாவது முன்னாடியே சொல்லி வெச்சுக்கங்க, யார்கிட்ட சொல்லுவீங்கன்னாங்க. எம் பொண்டாட்டிகிட்டன்னு சொன்னேன். வேற பேர் எதுவும் வாயில வரல கோதை. அடுப்படிக்கு வந்து, எது நடந்தாலும் என்னை மேல மட்டும் அனுப்பிராதன்னு உங்கிட்டதான சொன்னேன்? நீ சரின்னியே."

சொன்னார்தான். அண்ணன் பந்தியில் இருந்தார், வேறு ஆள் இல்லை என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. யாரும் வாயில் ஊற்றவில்லை, எடுத்துக் குடித்தது நான்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று கேஸ் பதிவு செய்திருக்கிறேன், நாளை மறுநாள் வரும் என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

கேஸ் வந்தது. அரை டம்ளர் அரிசி போட்டாலே மிஞ்சுகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் சுருதி பேசினாள். அப்பா நன்றாக இருக்கிறாராம், தினம் பேசுகிறாராம், குடோனில் சமைத்துச் சாப்பிடுகிறாராம். என்னிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்துகொண்டு என்னைத் தனியாக்கிவிட்டார்கள். இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் ஷமீமாவைப் போனில் கூப்பிட்டேன். சார் பேசியது எதையும் தன்னால் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரை வீட்டுக்கு வரச் சொல்லு, அது போதும் என்றேன். உன்னால் குலைந்த குடும்பம், நீயே சேர்த்துவை என்றும் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை.

"போ, வான்னு நான் யாரையும் சொல்றதில்லைம்மா" என்றாள். "அவர் திரும்பி வரணும்னு உங்களுக்கு இருக்கு."

"ஆமாம்."

"வீடு ரொம்ப வெறிச்சுன்னு இருக்கு."

"ஆமாம்."

"அவர் எப்படி வரணும்னு நெனைக்கிறீங்க?"

குடிக்காமல் வர வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கயிறு கட்டியதும் சத்தியம் வாங்கியதும் அதற்குத்தானே? அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. எத்தனை நேரமானாலும் இருப்பேன் என்பதுபோல் சும்மா இருந்தாள். எனக்குக் கண்ணில் வந்தது அவருடைய சட்டைப் பொத்தான்கள்தான், ஒவ்வொன்றாக நான் கழற்றுவது. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.